கடைசிக் கோட்டுக்குப் பாதி மதிப்பு

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதில்லை; என் தலையில் கட்டப்பட்டது. பாலிடெக்னிக் பிள்ளைகளுக்குக் கணக்கு கைடு போடுகிற ஒரு பதிப்பகத்திலிருந்து போன் செய்து, “கணக்கு தெரிய வேணாம் மேடம், தமிழை மட்டும் பாத்துக் குடுங்க” என்றார்கள். அப்போதே போனை வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. நான் உம்மே ஹானி, மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுப் பக்கம் குடியிருக்கிறேன், சிறுகதை எழுதுகிறேன். அது வயிற்றுக்குப் போதாததால் மற்றவர்கள் எழுதியதில் ஒற்றுப்பிழை திருத்துகிறேன்.

கைடின் கடைசி அத்தியாயம், ஒரு வளைந்த கோட்டுக்குக் கீழே எவ்வளவு பரப்பு இருக்கிறது என்பதைத் தோராயமாகக் கண்டுபிடிப்பது பற்றி. அந்தப் பரப்புக்கு வரையறுத்த தொகை என்று பெயராம். திரும்பத் திரும்பப் படித்தும் எனக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. எழுதியவர் ஜெயஸ்ரீ என்று போட்டிருந்தது. தி.நகரில் டியூஷன் எடுக்கிறவள். கூப்பிட்டேன். “நேர்ல வாங்க, சொல்றேன். மாசத்துல முதல் சனி, மூணாவது சனி மயிலாப்பூர் வருவேன். லஸ் பக்கம் நாகேஸ்வர ராவ் பார்க். நாலு மணிக்கு வந்துடுங்க. அஞ்சு மணிக்கு எனக்கு வேற வேலை இருக்கு” என்றாள்.

அந்த வேறு வேலையின் பெயர் நிலா. ஜெயஸ்ரீயின் மகள், ஏழாம் வகுப்பு. விவாகரத்துக்குப் பிறகு அப்பா வீட்டில் வளர்கிறாள். முதல் சனியும் மூன்றாம் சனியும் மாலை ஐந்திலிருந்து ஏழு வரை அம்மாவைப் பார்க்கலாம் என்று குடும்ப நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

இப்போது நிலா வருவதில்லை. வருகிற சனிக்கிழமை வருவாளா என்பது மட்டும்தான் இந்தக் கதையில் கேள்வி. வேறு மர்மம் கிடையாது. இருக்குமென்று நினைத்து வந்தவர்கள் இப்போதே எழுந்து போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள் இவை. எதுவும் உருப்படவில்லை.

(அ) ஜெயஸ்ரீ அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மாலை வெயில் அவள் முகத்தில்

(நிறுத்தினேன். கதைகளில் வெயில் எப்போதும் முகத்தில்தான் விழ வேண்டுமா? அன்றைக்கு அது அவள் பிடரியில் விழுந்தது. வியர்த்துக் கொட்டியது. துப்பட்டாவால் துடைத்துக்கொண்டாள்.)

(ஆ) நீதிபதி குழந்தையைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, யாரிடம் இருக்க விரும்புகிறாய் என்று கேட்டார். குழந்தை சற்றும் தயங்காமல்

(தயங்கினாளா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன மேசைக்கு அடியிலா உட்கார்ந்திருந்தேன்?)

(இ) ஒரு சுவர் இருந்தது.

இதை வைத்துக்கொள்கிறேன். ஏனென்றால் ஜெயஸ்ரீ எனக்குக் கணக்கை அங்கேதான் ஆரம்பித்தாள்.

“அக்கா, அந்தக் காம்பவுண்டு சுவர் நேரா இல்லன்னு வெச்சுக்கோங்க. வளைஞ்சு வளைஞ்சு போகுது. இந்த நடைபாதை மட்டும் நேரா இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல மொத்தம் எவ்வளவு இடம்னு கேட்டா என்ன பண்ணுவீங்க?”

“வாட்ச்மேனைக் கேப்பேன்.”

சிரித்தாள். டியூஷனில் பல தலைமுறை மக்குகளைப் பார்த்த சிரிப்பு. “நடைபாதையில சமமான இடைவெளி விட்டு ஒவ்வொரு இடமா நில்லுங்க. அங்கங்க இருந்து சுவர் வரைக்கும் ஒரு கோடு. அந்த நீளத்தை மட்டும் அளந்துக்கோங்க. நடுவுல சுவர் எப்படிப் போகுதுன்னு நீங்க பாக்க வேணாம். ஒரு கோட்டோட நுனியிலேருந்து அடுத்த கோட்டோட நுனிக்கு நேரா இழுத்துடுங்க. பட்டை பட்டையா சரிவகம் கிடைக்கும். எல்லாத்தையும் கூட்டினா மொத்த இடம் தோராயமா வந்துடும். சரிவக விதி. இவ்ளோதான்.”

“நடுவுல சுவர் வெளியே புடைச்சுக்கிட்டுப் போயிருந்தா?”

“அது உங்களுக்குத் தெரியவே தெரியாது. விடை குறையும். ஏத்துக்கணும்.”

ஏத்துக்கணும் என்று சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து மணி ஆனதும் பெஞ்சில் பக்கத்தில் கிடந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதில் தொங்கும் சாவிக்கொத்து குலுங்கியது. வருகிறவளுக்கு இடம் விடுகிறாள் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. நிலா தலைதெறிக்க ஓடி வந்து, அந்த இடத்தில் தொப்பென்று விழுந்தாள். நான் என் தாள்களைச் சுருட்டிக்கொண்டு அடுத்த பெஞ்சுக்குப் போனேன்.

3

கைடு வேலை முடிந்த பிறகும் போனேன். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? அந்த அம்மாவையும் பெண்ணையும் பார்க்கப் பிடித்திருந்தது. என் வீட்டுக்காரர் ஷாஹுல் ஹமீது, “சனிக்கிழமை ஆனா உனக்கு வாக்கிங் ஞாபகம் வந்துடுது” என்று கிண்டல் செய்தார். (அவரை நினைவில் வையுங்கள். எந்தக் கதையையும் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிற மனிதர். எட்டாவது பகுதியில் தேவைப்படுவார்.)

நான் சீக்கிரமே கண்டுகொண்டது இதுதான்: ஜெயஸ்ரீ மகளோடு அந்த இரண்டு மணி நேரம் மட்டும் இருக்கவில்லை. மற்ற நாள்களையும் தானே போட்டு நிரப்பிக்கொண்டிருந்தாள்.

“போன தடவை இருமிக்கிட்டிருந்தா. இந்தத் தடவை இருமல் இல்ல. அப்ப நடுவுல யாரோ கஷாயம் வெச்சுக் குடுத்திருக்காங்க. கஷாயம் குடிக்கும்போது மூஞ்சியை எப்படி வெச்சிருப்பா தெரியுமா?” என்று சொல்லி, மூக்கைச் சுருக்கி, ஒரு கண்ணை மூடி, எனக்குச் செய்து காட்டினாள். நிலாவே அங்கே உட்கார்ந்து குடித்தது போல இருந்தது.

வந்த புதிதில் நிலா அம்மாவின் தோள் உயரம், இப்போது காது உயரம். போன தடவை பழைய செருப்பு, இந்தத் தடவை புதுசு. நடுவில் ஒரு நாள் கடைக்குப் போயிருப்பார்கள், இவள் ஹீல்ஸ் கேட்டு அடம் பிடித்திருப்பாள். ஒரு சனிக்கிழமையின் நுனியிலிருந்து அடுத்த சனிக்கிழமையின் நுனிக்கு இப்படியே நேராகக் கோடு இழுத்துக்கொண்டு போனாள்.

(போன் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. நிலாவிடம் இல்லை, அப்பாவிடம் இருக்கிறது. கூட்டுக்குடும்பம். கூடத்தில் எல்லோரும் இருக்கும்போது பேசினால் அந்தப் பெண் “ம்” தவிர வேறு எதுவும் சொல்வதில்லை. சாப்பிட்டியா, ம். படிச்சியா, ம். ஜெயஸ்ரீ போன் செய்வதை விட்டுவிட்டாள்.)

ஒரு நாள் கேட்காமலே சொன்னாள்: “எனக்கு அவ தூங்கறதைப் பாக்கணும்க்கா. பார்க்குக்கு வந்து யாரும் தூங்க மாட்டாங்க இல்ல? காலையில எழுந்ததும் அவ மூஞ்சி எப்படி இருக்கும்னு மறந்து போச்சு.”

அதற்கு ஏதோ ஒரு ஆறுதல் சொன்னேன். என்ன சொன்னேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

4

இந்த இடத்தில் நிலாவின் அப்பாவை உள்ளே கொண்டுவர வேண்டும். அவருடைய தாத்தா காலத்திலேயே திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து தி.நகரில் ஜவுளிக்கடை வைத்த குடும்பம். பெயர் சக்திவேல். முதல் பிரதியில் அவருக்கு ஒரு தடித்த மீசை கொடுத்து, ஜெயஸ்ரீயைப் பார்த்துப் பல்லைக் கடிக்க வைத்தேன். பிரதியை ஜெயஸ்ரீயிடம் படிக்கக் கொடுத்தேன். பேனாவால் மீசையைச் சுழித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

“அவருக்கு மீசையே கிடையாதுக்கா.”

“கதைக்காக.”

“கதைக்காக வில்லன் வேணும்னா வேற ஆளைப் பாருங்க. ரெண்டு வருஷமா ஒரு சனிக்கிழமை கூட லேட்டா கூட்டிட்டு வந்ததில்ல. வெளியே இளநீர் வண்டி பக்கத்துல நின்னுட்டே இருப்பாரு. மழையில கூட. எங்களுக்குள்ள ஒத்து வரல. அதுக்காக மீசை எல்லாம் வெப்பீங்களா?”

“சரி. ஆனா அவ ஏன் அப்பாகிட்ட இருக்கேன்னு சொன்னா? படிக்கிறவங்க கேப்பாங்க இல்ல?”

இதற்கு நான் மூன்று காரணம் யோசித்து வைத்திருந்தேன். ஜெயஸ்ரீ கண்டிப்பானவள், ஜெயஸ்ரீ வேலை வேலை என்று அலைந்தவள், ஜெயஸ்ரீக்கு ஒரு

(மூன்றாவதை இங்கே எழுத மாட்டேன். அவள் அதைப் படித்தபோது என்னைப் பார்த்த பார்வை போதும்.)

“அங்க வீடு நிறைய ஆளுங்க. சித்தப்பா பசங்க, அத்தை, எந்நேரமும் சத்தம். என் வீட்டுல நான் மட்டும். சாயங்காலம் ஆனா டியூஷன் போயிடுவேன். ஒன்பது வயசுல என்னைக் கேட்டிருந்தா நானும் அங்கதான் போறேன்னு சொல்லியிருப்பேன்” என்றாள்.

ஆகவே வாசகரே, இந்தக் கதையில் வில்லன் இல்லை. டியூஷன் சென்டரிலிருந்து அந்த வீட்டுக்கு நடந்தே போய்விடலாம். ஜெயஸ்ரீ ஒரு நாளும் அந்தத் தெருவில் திரும்பியதில்லை. அவ்வளவுதான் இருக்கிறது என்னிடம்.

5

இனி தவறு. இதை ஒரு கணக்கு டீச்சர்தான் செய்ய முடியும். அதனால்தான் அவளால் அதைத் தாங்க முடியவில்லை.

சரிவக விதிக்கு ஒரே ஒரு நிபந்தனை, இடைவெளிகள் சமமாக இருக்க வேண்டும். “க்ளாஸ்ல நான் முதல்ல கேக்கறதே அதுதான். இடைவெளி சமமா இருக்கான்னு பாத்தியா, பாக்காம விதியில கைய வெக்காதேம்பேன்” என்பாள். அப்படிப்பட்டவள், வக்கீல் ‘முதல் சனி, மூன்றாம் சனி’ என்று எழுதியபோது தலையாட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். பார்க்கச் சமமாகத்தான் தெரிகிறது, இல்லையா? மாதத்தில் நாலு சனி வந்தால் சரி. ஐந்து சனி வந்தால் அந்த ஐந்தாவது நடுவில் புகுந்து, மூன்றாம் சனிக்கும் அடுத்த மாதத்து முதல் சனிக்கும் இடையில் ஒரு வாரத்தைக் கூடுதலாகத் தள்ளிவிடும். ஒன்றுவிட்டு ஒரு சனி என்று எழுதியிருந்தால் இந்த வம்பே இல்லை.

“வக்கீலுக்குத் தெரியாதுக்கா. எனக்குத் தெரிஞ்சிருக்கணும்” என்றாள்.

இந்த வருஷம் வைகாசியில் அப்படி ஒரு நீண்ட இடைவெளி வந்தது. அது முடிந்து, ஜூன் மாதத்து முதல் சனி. ஐந்து மணி. சாவிக்கொத்து குலுங்கியது. நான் அடுத்த பெஞ்சில் வேறொரு கைடோடு உட்கார்ந்திருந்தேன். நிலா வந்தாள்.

ஓடி வரவில்லை. நடந்து வந்தாள். எப்போதும் ஜீன்ஸ் போடுகிற பெண், சுடிதார் போட்டு, துப்பட்டாவை இரண்டு தோளிலும் பின் குத்தியிருந்தாள். காதில் புதுத் தோடு. பெஞ்சில் மெதுவாக உட்கார்ந்தாள். ஜெயஸ்ரீ அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளங்கையில் மருதாணி வெளுத்துப்போயிருந்தது. நகங்களில் மட்டும் இன்னும் சிவப்பாக இருந்தது. ஒவ்வொரு நகத்தின் அடியிலும் மருதாணி படாத புது நகம் மெல்லிசாக வளர்ந்திருந்தது. ஜெயஸ்ரீ அந்த வெள்ளைப் பிறையைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தாள். அவள் எதையோ கணக்குப் போடுகிறாள் என்று தெரிந்தது. மருதாணி வைத்து எத்தனை நாள் ஆயிற்று என்று போட்டாளாம், பிறகுதான் சொன்னாள்.

“உனக்குத் தெரியுமாம்மா?” என்றாள் நிலா.

“தெரியும்.”

“யார் சொன்னா?”

“உன் நகம்.”

நிலா விரல்களை மடக்கிக்கொண்டாள். “இன்னிக்கு நானே சொல்லலாம்னு இருந்தேன்.”

“வயிறு வலிச்சுதா?”

“மொத நாள் வலிச்சுது.”

“யார் கூட இருந்தா?”

“அத்தை.”

“பயந்தியா?”

“கொஞ்சம். உன் நம்பர் எனக்கு மனப்பாடம்மா. ஆனா எல்லாரும் ரூம்லயே இருந்தாங்க.”

நான் கைடை மூடிவிட்டேன். எழுந்து போயிருக்க வேண்டும். கால் வரவில்லை.

மகள் பெரியவளாகி, தண்ணீர் ஊற்றி, மண்டபம் பிடித்துச் சடங்கு சுற்றி, பந்தி போட்டு, எல்லாம் முடிந்திருந்தது. இரண்டு கோடுகளுக்கு நடுவில் சுவர் வெளியே புடைத்துக்கொண்டு போய்விட்டுத் திரும்பி வந்துவிட்டது. அளந்தவளுக்குத் தெரியவில்லை.

“தாய்மாமன் சீர்த்தட்டு யார் கொண்டு வந்தா?” என்று ஜெயஸ்ரீ கேட்டாள். அவளுக்கு ஒரே தம்பி, ராகேஷ், பெருங்குடியில் வேலை. அவனுக்கும் யாரும் சொல்லியிருக்கவில்லை.

“அத்தை வீட்டுக்காரரை நிக்க வெச்சாங்க. ராகேஷ் மாமா இடத்துல.”

“தோராயமா ஒரு மாமா” என்றாள் ஜெயஸ்ரீ. நிலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவுக்கும் வந்தது. இரண்டு பேரும் தோளில் தோள் முட்டச் சிரித்தார்கள்.

(பிரதியில் இந்த இடத்தில் ஜெயஸ்ரீயின் கண்ணிலிருந்து நீர்

அடித்துவிட்டாள். “நான் அழல. அன்னிக்கு அழல.” பிறகு அழுதாளா என்று நான் கேட்கவில்லை. அதுவும் இரண்டு கோடுகளுக்கு நடுவில் நடந்தது.)

6

அதே நாள், ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால், நிலா ஒரு கேள்வி கேட்டாள். இந்தக் கதை முழுக்க அதில்தான் தொங்குகிறது, ஆகவே ஒரு சொல் கூட மாற்றாமல் தருகிறேன்.

“அம்மா, மாசத்துல அஞ்சு சனிக்கிழமை வந்தா, அந்த அஞ்சாவது யாருக்கு?”

“யாருக்கும் இல்லடி. பேப்பர்ல அதைப் பத்தி எதுவும் இல்ல.”

“அப்ப அதை நான் வெச்சுக்கட்டுமா?”

“வெச்சுக்கோ.”

வாசலில் சக்திவேல் நின்றிருந்தார். மகளைக் காரில் உட்காரச் சொல்லிவிட்டு ஜெயஸ்ரீ பக்கம் வந்தார். நான் செருப்பு வாரைச் சரிசெய்கிற சாக்கில் நின்றேன். (எழுத்தாளர்கள் நல்லவர்கள் என்று யார் சொன்னது?)

“உன்கிட்ட சொல்லியிருக்கணும் ஜெயா. வீட்டுல ஆளுக்கொண்ணு சொன்னாங்க. சொல்லல. தப்புதான்” என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே, “இனி நானா இழுத்துட்டு வந்து பார்க்குல உக்கார வைக்க மாட்டேன். பெரிய புள்ளை. அவளா அம்மாவப் பாக்கணும்னு சொன்னா, எந்நேரம்னாலும் கூட்டிட்டு வாரேன். சொல்லலைன்னா நான் என்ன செய்ய?” என்றார்.

ஜெயஸ்ரீ சரி என்றாள். எனக்கு அவள் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. நான் எழுதுகிற பெண் என்னைக் கேட்காமல் சரி என்றுவிட்டாளே என்று.

7

அடுத்த மூன்றாம் சனி நிலா வரவில்லை. ஜூலையில் வரவில்லை. ஆகஸ்டிலும் முதல் சனி, மூன்றாம் சனி வரவில்லை.

ஜெயஸ்ரீ அந்தச் சனிகள் எல்லாம் தவறாமல் வந்தாள். ஐந்து மணிக்குப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஏழு மணிக்குத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள். வெளியே இளநீர் வண்டிக்காரர் துரைராஜ், “இன்னா மேடம், பாப்பா இன்னிக்கும் வர்லியா? வழுக்கையா ஒண்ணு எடுத்து வெச்சிருந்தேன், அப்டியே கீது” என்பார். ஜெயஸ்ரீ அதை வாங்கி என்னிடம் கொடுப்பாள். நானும் குடித்துத் தொலைப்பேன். வேறு என்ன செய்வது?

“மனு போடு. உத்தரவு இருக்கு இல்ல? மீற முடியாது” என்றேன்.

“வக்கீலும் அதையேதான் சொல்றாரு. கோர்ட்டு கூட்டிட்டு வர்ற பொண்ணு எனக்கு வேணாம்க்கா. ரெண்டு வருஷம் அப்படித்தானே வந்தா? அவளுக்கு வரணும்னு இருந்துச்சா, இல்ல அந்தக் கிழமைன்னு வந்தாளா, எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.”

“அஞ்சாவது சனியை வெச்சுக்கறேன்னு சொன்னாளே. அன்னிக்கு வருவா.”

“எனக்காக வெச்சுக்கறேன்னு சொல்லலியே. தனக்குன்னு சொன்னா. நானும் இல்லாம அவரும் இல்லாம, எங்க ரெண்டு பேர் தொல்லையும் இல்லாம ஒரு நாள் வேணும்னு கேட்டிருக்கலாம். அது நியாயம்தானே?” பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள். “நியாயம்னு நான் சொல்றேன். மனசு கேக்க மாட்டேங்குது. ரோட்டுல யார் ரெட்டைப் பின்னல் போட்டுட்டுப் போனாலும் திரும்பிப் பாக்கறேன். எனக்கு அவ வேணும்க்கா.”

ஜூனுக்குப் பிறகு ஐந்து சனி வருகிற முதல் மாதம் ஆகஸ்ட். அந்த ஐந்தாவதுதான் வருகிற சனிக்கிழமை.

8

வாக்குக் கொடுத்தபடி ஷாஹுல் ஹமீது. தாள்களை வாங்கிக் கடைசிப் பக்கத்தைத் தேடினார். “முடிவு எங்க?”

“இன்னும் நடக்கல.”

“அப்ப நீயா நடத்து. அதுக்குத்தானே எழுத்தாளர்.”

நடத்திப் பார்த்தேன்.

முடிவு ஒன்று, நேர்கோடு. ஜூனில் வந்தாள். பிறகு வரவில்லை, வரவில்லை, வரவில்லை. எல்லாவற்றையும் சேர்த்துக் கோடு இழுத்தால் அது கீழே போய்த் தரையைத் தொடுகிறது. ஆகவே ஐந்தாவது சனியும் வரமாட்டாள். ஜெயஸ்ரீ ஏழு மணிக்கு எழுந்து, வழக்கம்போல் பையை

இதைப் படித்தவுடன் ஜெயஸ்ரீக்குச் சுருக்கென்றது. “வராத சனிக்கிழமைக்கு எல்லாம் பூஜ்யம் போட்டு வெச்சிருக்கீங்க. எவ்வளவு பெரிய தப்பு தெரியுமா? அது பூஜ்யம் இல்ல. அளக்கல, அவ்ளோதான். நான் அளக்காத இடத்துல சுவர் இல்லாமப் போயிடுமா? அவ அங்க இருக்கா. வளந்துக்கிட்டுதான் இருக்கா.”

முடிவு இரண்டு, வளைவு. கைடில் சரிவக விதிக்கு அடுத்தது சிம்ப்சன் விதி. நேர்கோட்டுக்குப் பதிலாக மூன்று மூன்று புள்ளிகள் வழியாக வளைந்த கோடு போடுவது. பெரும்பாலும் நிஜத்துக்கு இன்னும் கிட்டத்தில் வரும். நான் ஓட்டமாக ஓடி வந்த நிலாவை ஒரு புள்ளியாக வைத்தேன், மருதாணி நகத்தோடு நடந்து வந்தவளை நடுவில் வைத்தேன், மூன்றாவதாக ஐந்தாம் சனிக்கிழமை அப்பா கையை விட்டுவிட்டு லஸ் சிக்னலிலிருந்தே ஓடி வருகிறவளை வைத்தேன். மழை கூடப் போட்டேன்.

“அழகா இருக்கு. ஆனா மூணாவது புள்ளியை நீங்களா வெச்சிருக்கீங்க” என்றாள் ஜெயஸ்ரீ.

முடிவு மூன்று, ஷாஹுல் ஹமீது சொன்னது. சக்திவேலும் ஜெயஸ்ரீயும் மறுபடியும் சேர்ந்து

(இதை ஜெயஸ்ரீயிடம் காட்டவில்லை. உயிர் மேல் எனக்கு ஆசை இருக்கிறது.)

எல்லாத் தாளையும் அடுக்கிக் கொடுத்துவிட்டு ஜெயஸ்ரீ கேட்டாள்: “முடிவு முடிவுன்னு ஏன்க்கா இப்படி அடிச்சுக்கறீங்க? நீங்கதானே அந்த அத்தியாயத்துக்குத் தமிழ் பாத்தீங்க? சரிவக விதியில முதல் கோட்டுக்கும் கடைசிக் கோட்டுக்கும் பாதி மதிப்புதான். நடுவுல நிக்கற ஒவ்வொரு கோட்டுக்கும் முழு மதிப்பு.”

ஒற்றுப்பிழை பார்த்தேன். அதைப் பார்க்கவில்லை. “ஏன் அப்படி?”

“நடுவுல இருக்கற கோடு, இந்தப் பக்கப் பட்டைக்கும் சுவரு, அந்தப் பக்கப் பட்டைக்கும் சுவரு. ரெண்டுலயும் சேரும். கடைசிக் கோட்டுக்கு அந்தப் பக்கம் எதுவும் இல்ல. ஒரு பட்டையிலதான் சேரும். அதனால பாதி.”

அவள் மனதில் ஓடியதுதான் என் மனதிலும் ஓடியது என்று நினைக்கிறேன். இப்போதைக்குக் கடைசிக் கோடு, ஜூன் மாதத்து அந்தச் சனிக்கிழமை. நகத்தில் வளர்ந்த பிறை, கொஞ்சம் பயந்தேன் என்றது, உன் நம்பர் எனக்கு மனப்பாடம் என்றது, தோராயமான மாமாவுக்குச் சேர்ந்து சிரித்தது எல்லாம் பாதிதான்.

“அதுக்கு அப்புறம் ஒரு கோடு வந்தா போதும்க்கா. ஒண்ணே ஒண்ணு. அன்னிக்கு அவ சொன்னது எல்லாம் நடுவுக்கு வந்துடும். முழுசா கணக்குல சேரும்” என்றாள் ஜெயஸ்ரீ. “அதுக்குத்தான் வேணும். முடிவுக்கு இல்ல.”

9

இன்று ஐந்தாவது சனிக்கிழமை.

பார்க்கில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பிள்ளையார் சதுர்த்தி முடிந்த வாரம். வாசலுக்கு வெளியே காய்ந்த எருக்கம்பூ மாலை ஒன்று கிடந்தது. மேகம் போட்டிருக்கிறது, பெய்யுமா தெரியவில்லை. (முடிவு இரண்டில் நான் போட்ட மழைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) உள்ளே வரும்போது துரைராஜ், “இன்னிக்கி உங்க சனிக்கிழமை இல்லியே, இன்னா விசேஷம்?” என்று கேட்டார். ஜெயஸ்ரீ ஒரு வழுக்கை எடுத்து வைக்கச் சொன்னாள்.

பேப்பரில் இல்லாத நாள். யாரும் யாரையும் கூட்டிவர வேண்டியதில்லை. சக்திவேல் வந்து நிற்க வேண்டிய கட்டாயம் இல்லை. நிலா வீட்டில் வாயைத் திறந்து, அந்தக் கூடத்தில் அத்தனை பேர் காதிலும் விழ, அம்மாவப் பாக்கணும் என்று சொல்லியிருந்தால்தான் உண்டு. சொல்லுகிற பெண்ணா அவள்? எனக்கு அவளைச் சனிக்கிழமைகளில் மட்டும்தான் தெரியும்.

ஜெயஸ்ரீ பக்கத்துப் பெஞ்சில் இருக்கிறாள். பை அவள் அருகில் கிடக்கிறது. நான் எழுதுவதை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வந்த புதிதில் எனக்கு அவள் ஒரு கதாபாத்திரம். இப்போது அப்படி இல்லை. எழுத்து கோணுகிறது.

மணி என்ன என்று நான் பார்க்கவில்லை. போன் என் பைக்குள் இருக்கிறது, எடுக்க மாட்டேன். ஜெயஸ்ரீ பையை எடுப்பது ஐந்துக்கு முன்னாலேயா, வழக்கம்போல் ஐந்துக்கேதானா என்று தெரிந்தால் எனக்கு முடிவு தெரிந்துவிடும். தெரிந்தால் எழுதிவிடுவேன். எழுதினால் மூன்றாவது புள்ளியை நானே வைத்த மாதிரி ஆகும். அந்தப் புள்ளி என்னுடையது இல்லை, ஜெயஸ்ரீயுடையது கூட இல்லை. அதை வெச்சுக்கட்டுமா என்று கேட்டு வாங்கியவள் ஒருத்தி இருக்கிறாள்.

ஆகவே நான் தலையைக் குனிந்து இந்தத் தாளை மட்டும் பார்க்கப் போகிறேன். வாசல் எனக்கு முதுகுப் பக்கம் இருக்கிறது. உங்களுக்கு நேராக இருக்கிறது. நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

பக்கத்துப் பெஞ்சில் சாவிக்கொத்து குலுங்குகிறது. ஜெயஸ்ரீ பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறாள்.